மொழி கற்றல் உத்திகள்

மொழி கற்றல் உத்திகள் என்பவை, புதிய மொழியொன்றைக் கற்பவர் தமது கற்றலை எளிதாக்கிக்கொள்ளத் தாமே தெரிந்து கையாளும் வழிமுறைகள் ஆகும். இவை ஆசிரியரின் கற்பித்தல் முறைகளிலிருந்து வேறானவை. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் பயில்வோருள் சிலருக்கு மட்டும் மொழி விரைந்து கைவருவது ஏன் என்ற கேள்வியிலிருந்தே இத்துறை வளர்ந்தது.

ஆய்வு வரலாறு

1975 இல் சோன் ரூபின் எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. நன்கு கற்பவர்கள் தெரியாத சொல்லின் பொருளை ஊகிக்கத் தயங்குவதில்லை. பிழை நேருமென்று அஞ்சி வாய்மூடி இருப்பதில்லை. தம் பேச்சையும் பிறர் பேச்சையும் கூர்ந்து கவனிக்கின்றனர் என்று அவர் குறிப்பிட்டார். 1990 இல் ரெபெக்கா ஆக்சுபோர்டு இவ்வுத்திகளை நினைவு, அறிதல், ஈடுசெய்தல், கற்றலைத் திட்டமிடல், உணர்வு, சமூகம் என ஆறாக வகைப்படுத்தினார். சொல் நினைவுக்கு வராதபோது சைகையாலோ வேறு சொற்களாலோ சுற்றிவளைத்துக் கூறுவது ஈடுசெய்தல் ஆகும். வகுப்பில் இது பெரும்பாலும் குறையாகவே எண்ணப்படுகிறது. பேச்சு அறுபடாமல் தொடர உதவுவதோ இதுவே.

சீகன்பால்க் தமிழ் கற்ற முறை

இப்பெயர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உத்திகள் வழக்கில் இருந்தன. 1706 இல் தரங்கம்பாடிக்கு வந்த செருமானியரான சீகன்பால்க், பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பின்னர் தமிழ் நூல்களைத் திரட்டிப் படித்தார், சொற்களைத் தொகுத்தார், ஊராருடன் உரையாடினார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716 இல் செருமனியின் ஆலெ நகரில் அச்சானது.

வகுப்பறைக்கு வெளியே

தமிழ் போன்ற இரட்டை வழக்கு மொழிகளில் வகுப்பறை மட்டும் போதாது. பாடநூலில் "வந்துகொண்டிருக்கிறான்" என்று படித்தவர், கடைத்தெருவில் "வந்துக்கிட்டிருக்கான்" என்பதைக் கேட்டுத் திகைப்பது இயல்பு. திரைப்படம், பேருந்துப் பயணம், அண்டை வீட்டாருடன் பேச்சு ஆகியவை இவ்விடைவெளியை நிரப்புகின்றன. ஆயினும், கேட்பது மட்டும் பேசும் திறனைத் தந்துவிடாது. கேட்ட தொடரை அன்றே யாரிடமாவது பயன்படுத்திப் பார்ப்பவருக்கே அது எளிதில் பதிகிறது.

திறனாய்வு

"உத்தி" என்பதற்குத் தெளிவான வரையறை இல்லை என்று 2005 இல் சோல்டான் தோர்ன்யெய் சுட்டிக்காட்டினார். ஒரு செயல் உத்தியா, வெறும் பழக்கமா என்று பிரித்தறிவது கடினம். மேலும், உத்திகளை மிகுதியாகக் கையாள்வதால் ஒருவர் திறன் பெறுகிறாரா, திறன் பெற்றவர் மிகுதியாகக் கையாள்கிறாரா என்பதும் வினாப்பட்டியல் ஆய்வுகளால் மட்டும் விளங்குவதில்லை.