18 வயதுக்கு முன்பே தயாராவோம்: சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் கவனத்திற்கு

அறிவுசார் குறைபாடு உள்ள மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. அவன் பெயரிலுள்ள கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தந்தை வங்கிக்குப் போகிறார். "பையன் மேஜர் ஆகிவிட்டான். இனி உங்கள் கையெழுத்து செல்லாது. பாதுகாவலர் சான்று கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். "பெற்றவன் நானிருக்க, வேறு என்ன சான்று?" என்று திகைத்து நிற்கிறார் அவர்.

இப்படித் திகைக்கும் பெற்றோர் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். காரணம், 18 வயதில் மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறுகின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தரும் இலவசக் கல்வி உரிமை 6 முதல் 18 வயது வரைதான். பெற்றோர் என்ற முறையில் நமக்கு இயல்பாக இருந்த பாதுகாவலர் உரிமை அன்றோடு முடிகிறது. சிறு வயதில் வாங்கிய மாற்றுத்திறன் சான்றிதழையும் பல பிள்ளைகளுக்கு அப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் சிறப்புக் கல்வி பெறும் மாணவருக்கு 16 வயது ஆகும்போதே, பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டத்தைப் பள்ளி எழுதித் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அதிலும் விதிகள் அடிக்கடி மாறுவதால் பலர் குழம்பிப் போகிறோம்.

விதிகள் எப்படி மாறின?

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அவை 21 ஆயின. ஆட்டிசம், கற்றல் குறைபாடு ஆகியவை தனி வகைகளாக இடம்பெற்றன. "உங்கள் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது" என்று முன்பு திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

2021 ஜூன் 1 முதல் சான்றிதழ்கள் இணையவழியில், தனித்துவ அடையாள அட்டைத் தளத்தின் மூலமே வழங்கப்படுகின்றன. கையால் எழுதிய பழைய சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர்கள் இணையத்தில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

தேர்வில் 'சொல்வதை எழுதுபவர்' சலுகையைப் பாருங்கள். 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் வழிகாட்டுதல் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கானது. எழுதுவதில் சிரமம் இருந்தும் 40 சதவீதத்தை எட்டாத ஒரு தேர்வர் தொடுத்த வழக்கில், அவருக்கும் அந்த வசதியைத் தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022இல் அத்தகையவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. போன வருடம் "இல்லை" என்று சொல்லப்பட்டது இந்த வருடம் கிடைக்கலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மாறும் விதிகளை எப்படிச் சமாளிப்பது?

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று வருடத்துக்கு முன் செய்ததை அப்படியே பின்பற்றாதீர்கள். அலுவலகத்தில் "விதி மாறிவிட்டது" என்றால், எந்தத் தேதியிட்ட, என்ன எண்ணுள்ள ஆணை என்று பணிவாகக் கேளுங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடுவது எளிதாகும்.

இன்னொன்று, பெயர். 'முஹம்மது' என்ற ஒரே பெயரை ஆதாரில் ஒரு விதமாகவும், பள்ளியில் வேறு விதமாகவும், சான்றிதழில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறோம். இனிஷியலும் இடம் மாறியிருக்கும். 18 வயதில் எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் இது சிக்கலாகிறது. இப்போதே சரிசெய்யுங்கள்.

வயது வாரியாகச் செய்ய வேண்டியவை

14 வயது: கற்றல் குறைபாட்டுச் சான்றிதழை 14லும் 18லும் புதுப்பிக்க வேண்டும் என்பது 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டு விதி. அந்த விதிகள் 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன. எனவே உங்கள் கையிலுள்ள சான்றிதழில் அச்சிட்ட தேதியைப் பார்த்து நடங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

15 வயது: ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பியுங்கள்.

16 வயது: அடுத்து என்ன என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஐ.டி.ஐ., கல்லூரி, திறந்தநிலைப் பள்ளி, தொழிற்பயிற்சி எனப் பல வழிகள் உண்டு. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடமும், 5 ஆண்டு வயதுத் தளர்வும் சட்டத்தில் உள்ளன. தனியாகப் பஸ் ஏறுவது, கடையில் சில்லறை வாங்குவது போன்றவற்றையும் இந்த வயதில் பழக்குங்கள்.

17 வயது: பாதுகாவலர் தேவையா என்று முடிவு செய்து, தாள்களைச் சேர்த்து வையுங்கள்.

18 வயது: சான்றிதழைப் புதுப்பித்து, வாக்காளர் பட்டியலிலும் பெயரைச் சேருங்கள்.

பாதுகாவலர் சான்று

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது தேவையில்லை. பார்வையற்ற, காது கேளாத, கற்றல் குறைபாடுள்ள ஒருவர் 18 வயதானதும் தன் முடிவைத் தானே எடுக்க உரிமை பெற்றவர். அவருக்காக நாம் கையெழுத்திட முனைவது அவருடைய உரிமையைப் பறிப்பதாகும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற தொண்டு அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரும் உறவினரும் விண்ணப்பிக்கலாம். விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

சான்று வாங்கியதோடு வேலை முடிவதில்லை. நியமனமான 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கும் காட்ட வேண்டும். பிள்ளையின் பணம் நம்மிடம் இருக்கும் அமானிதம். கணக்கு கேட்கப்படுவதில் நமக்கு வருத்தம் வேண்டாம்.

நாம் இல்லாத காலத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கவலை ஒவ்வொரு பெற்றோரின் நெஞ்சிலும் இருக்கிறது. அந்தப் பேச்சையும் உடன்பிறந்த பிள்ளைகளோடு இப்போதே வெளிப்படையாகத் தொடங்குங்கள். முதல் வேலையாக, இன்று இரவே பிள்ளையின் சான்றிதழை எடுத்து, அது எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள்.