முறைப்பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்த சார்ஜன்

இஷாத் தொழுகை முடிந்து அரைமணி நேரம் இருக்கும். என் கைத்தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம். எடுத்தால், சிங்கள உச்சரிப்பில் ஒரு பெண் தமிழ் பேசினார். "மிஸ், உங்க நம்பர் ஒரு அம்மாட கைப்பையில இருந்திச்சு. பொலிஸ்ல இருந்து கதைக்கிறன். பயப்பட வேணாம். கொஞ்சம் வர ஏலுமா?"

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் என் உம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "இந்த நேரத்துல பொம்புளப் புள்ளைக்கு பொலிஸ்ல என்ன வேல?" என்றார். ஊரில் எந்த உம்மாவும் அதைத்தான் கேட்பார். தம்பியின் மோட்டார் சைக்கிளில் போனேன்.

போய்ப் பார்த்தால், எமது பெண்கள் குழுவில் இரண்டு வருடமாக இருக்கும் ஒரு ராத்தா, நாற்பதைத் தாண்டியவர், சுவரோரம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். கையில் பிளேன்ரீ கோப்பை. கடற்கரைக் கல்லணையில் தனியே இருந்தவரை ரோந்து போன பொலிஸார் கண்டு கூட்டிவந்திருக்கிறார்கள். ஏன் அங்கே போனார் என்பதை நான் இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு அது விளங்கும்.

அன்றிரவு அந்தப் பெண் சார்ஜன் என்ன செய்தார் என்பதைத்தான் எழுத விரும்புகிறேன். அவர் மேசையில் முறைப்பாட்டுப் புத்தகம் மூடியபடி கிடந்தது. பேனையையும் எடுக்கவில்லை. அறையில் நின்ற ஆண் உத்தியோகத்தர் இருவரையும் வெளியே அனுப்பியிருந்தார். மேசைக்குப் பின்னால் இருக்காமல், தன் கதிரையை இழுத்து ராத்தாவின் பக்கத்தில் போட்டிருந்தார். நான் உள்ளே நுழைந்தபோது அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்னைத் திடுக்கிட வைத்தது.

"அக்கா, மௌத்தாகணும் எண்டு நெனைச்சீங்களா?"

இவ்வளவு நேரடியாகவா என்று எனக்கு நெஞ்சு பதறியது. ராத்தா தலையை ஆட்டினார். பிறகு அழுதார். அழுகை ஓயும்வரை சார்ஜன் ஒரு வார்த்தை பேசவில்லை. பாவம் என்றோ, பிள்ளைகளை நினைத்தீர்களா என்றோ, உங்கள் மார்க்கத்தில் இது கூடாதே என்றோ சொல்லவில்லை. நானாக இருந்தால் இதில் ஒன்றையாவது சொல்லியிருப்பேன்.

அழுது முடித்த ராத்தா சொன்னார்: "நான் இல்லாட்டி லோன் ஆக்கள் என்ட மகள்ட வாசலுக்கு வரமாட்டாங்கதானே?"

அந்த ஒரு வசனத்துக்குள் எமது கரையோரத்தின் முப்பத்தைந்து வருடக் கதை இருக்கிறது. ராத்தாவின் வாப்பா 1990இல் வயலுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. கணவர் 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போனார். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் இல்லை என்ற எங்கள் ஊர் வழக்கம் இருக்கிறதே, அதற்காக மூன்று இடத்தில் கிழமைக் கடன் எடுத்தார். ஒன்றைக் கட்ட இன்னொன்று. திங்களில் ஒருவர், புதனில் ஒருவர், வெள்ளியில் ஒருவர் படலையில் வந்து நிற்பார்கள். பெண்ணுக்கு வீடு என்பது எமது பெண்களுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு என்று ஒலுவிலில் சமூகவியல் படித்த காலத்தில் நானே கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்த வீட்டின் கல்லை யார் தலையில் சுமக்கிறார்கள் என்று அந்தக் கட்டுரையில் எழுதவில்லை.

சார்ஜன் அடுத்து கேட்டது சின்னக் கேள்வி. "மகள் ராவைக்கு சாப்பிட்டாளா?" ராத்தாவுக்குத் தெரியவில்லை. தொலைபேசியைக் கொடுத்து, "கேட்டுப் பாருங்களேன்" என்றார். மகள் உம்மாவைத் தேடித் தெருவெல்லாம் அலைந்துகொண்டிருந்தாள். சாப்பிடவில்லை.

இப்படிப் பேசுவதற்கு உளவளத்துணையில் ஒரு பெயர் உண்டு, நெருக்கடித் தலையீடு. ஆளின் முழு வாழ்க்கையையும் திருத்தப் போவதில்லை, இந்த ஒரு இரவைக் கடக்க வைத்து, விடிந்ததும் சரியான கையில் ஒப்படைப்பது. அதைப் பொலிஸார் முறையாகப் படிக்கத் தொடங்கியது அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், 1988இல். அதற்கு முந்திய வருடம் அங்கே மனநோயால் கஷ்டப்பட்ட 27 வயது இளைஞர் ஒருவரை, உதவிக்கென்று அழைக்கப்பட்ட பொலிஸாரே சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொதித்தது. அதன்பிறகுதான் பொலிஸ், வைத்தியர்கள், நோயாளிகளின் குடும்பத்தவர் எல்லோரும் ஒன்றாக இருந்து 40 மணித்தியாலப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள்.

இன்னொரு பொலிஸ்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெவின் பிரிக்ஸ், கலிபோர்னியா நெடுஞ்சாலைப் பொலிஸ் சார்ஜன். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பல வருடம் கடமை செய்தவர். 2005 மார்ச்சில் பாலத்தின் கம்பிக்கு வெளியே நின்ற கெவின் பெர்தியா என்ற 22 வயது இளைஞரோடு 92 நிமிடம் பேசினார். பேசினார் என்பதைவிட, கேட்டுக்கொண்டிருந்தார் என்பதே பொருந்தும். அந்த இளைஞருக்கு என்ன பிரச்சினை தெரியுமா? குறைமாதத்தில் பிறந்த மகளின் வைத்தியசாலைச் செலவு, கட்ட முடியாத கடன். கடல் தாண்டியும் இதே கதைதான். அவர் திரும்பி உள்ளே ஏறினார். இன்று ஊர் ஊராகப் போய் தன் கதையைச் சொல்கிறார்.

எமது சார்ஜனுக்கு 40 மணித்தியாலம் கிடைக்கவில்லை. வைத்தியர்கள் நடத்திய மூன்று நாள் பயிற்சி மட்டும்தான். "அதில படிச்சது ஒண்டுதான் மிஸ். வாயை மூடிக்கொண்டு கேக்கிறது. பொலிஸ்காரருக்கு அதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.

சகோதரிகளே, பொலிஸ் நிலையத்தைப் பற்றி இப்படி எழுதும்போது என் கை தயங்கத்தான் செய்கிறது. 1990 ஜூனில் கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். அடுத்த நாட்களில் கல்முனைத் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். ஆகஸ்ட்டில் காத்தான்குடியும் ஏறாவூரும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு எங்கள் வீடுகளில் நடந்த சோதனைகள் இன்னும் பிள்ளைகளின் கனவில் வருகின்றன. காக்கி உடையைக் கண்டால் வயிற்றைப் பிசையும் பெண்கள் தமிழர் பக்கமும் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் பக்கமும் இருக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல.

ஆனால் ஒரு பயம் மட்டும் பழசாகிப் போனது, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தற்கொலைக்கு முயல்வது முன்பு இந்நாட்டில் குற்றம், ஓராண்டு வரை சிறை வைக்கலாம். 1998இல் அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும், "பொலிஸ் கேஸ் ஆகிடும்" என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும் குடும்பங்களை இன்றும் காண்கிறேன். வழுக்கி விழுந்தா, தெரியாமல் குடிச்சிட்டா என்பார்கள். வைத்தியருக்கு உண்மை தெரியாவிட்டால் சிகிச்சை பிந்தும், சில வேளை பிழைத்தும் போகும். வழக்கு வராது. உண்மையைச் சொல்லுங்கள்.

நாட்டில் நிலைமை மாறியுமிருக்கிறது. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் என்று, உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்று எங்களுடையதாக இருந்தது. கொடிய விவசாய நஞ்சுகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு இருபது வருடத்தில் அது மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்தக் கணம் கடந்துவிட்டால் பெரும்பாலானோர் வாழவே விரும்புகிறார்கள் என்பதை இந்த இறக்கத்தில் காணலாம். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இன்னொன்றையும் கவனித்தார். யுத்தம் உக்கிரமாக நடந்த காலத்தில் அங்கே தற்கொலைகள் குறைந்தன. எல்லோரும் ஒரே பங்கருக்குள் இருக்கும்போது ஆளுக்கு ஆள் துணை. யுத்தம் முடிந்து தனித்தனி வீட்டுக்குள், தனித்தனிக் கடனோடு இருக்கும் பெண்ணுக்கு யார் துணை?

நல்லதை மட்டும் எழுதினால் அது நியாயமில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு நிலையத்துக்கு ஒரு இளம் பெண்ணையும் அவளது தாயையும் கூட்டிப் போனேன். கணவன் அடிக்கிறான், சாகப் போகிறேன் என்கிறாள் என்று தாய் அழுதார். இருந்த உத்தியோகத்தர், "சாகிறவ சொல்லிட்டா சாவா? சேர்ந்து இருங்க, எல்லாம் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, அவளுக்கு விளங்காத தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். நானும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை அந்தத் தாய் எனக்கு எடுத்தார். அந்த அழைப்பை எழுத என்னால் ஏலாது.

சொல்கிறவர் செய்யமாட்டார் என்பது பொய். அப்படிப் போனவர்களில் பலர் முன்னரே யாரிடமாவது ஒரு சொல்லாவது சொல்லியிருப்பார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்பதும் பொய். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, சுமையை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைக்கிறது. அன்றிரவு சார்ஜன் கேட்ட நேரடிக் கேள்வியின் நியாயம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பொலிஸுக்குப் போக நேர்ந்தால் தனியே போகாதீர்கள். பக்கத்து வீட்டு மாமியோ, மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரோ கூட வரட்டும். சிறுவர் மற்றும் மகளிர் பணியகத்தின் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம். வீட்டில் அடி, உதை என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம், உங்களுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். நடுச்சாமத்தில் மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. இந்த நான்கு எண்களையும் அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள் என்று எங்கள் குழுவில் சொல்வோம். மூன்றைத்தானே சொன்னாய் என்பீர்கள். நான்காவது, உங்களுக்குப் பிடித்த ஒருத்தியின் இலக்கம்.

அன்றிரவு ராத்தாவை ஜீப்பில் கொண்டுபோய் விட ஆண் உத்தியோகத்தர் ஒருவர் முன்வந்தார். சார்ஜன் வேண்டாம் என்றார். "ஜீப்ல இறங்கினா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?" தன் பணத்தில் முச்சக்கர வண்டி பிடித்துத் தந்தார். மகளிடம், "இண்டைக்கு உம்மாவைத் தனிய விடாதீங்க, வீட்ல ஆபத்தான சாமான் ஏதும் இருந்தா எடுத்து வேற வீட்ல வைங்க" என்று தொலைபேசியில் சொன்னார். விடிந்ததும் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு நான் கூட்டிப் போனேன். அங்கே வரிசை நீளம், மூன்று மணித்தியாலம் இருந்தோம். கடன்காரர் மூவரையும் ஒரு மேசையில் இருத்திப் பேச இரண்டு மாதம் எடுத்தது. இன்னும் கட்டுகிறார். தொகை குறைந்திருக்கிறது, கிழமை என்றது மாதமாகியிருக்கிறது.

சார்ஜன் மறு வருடமே இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அந்தக் கதிரையில் இப்போது இருப்பவருக்குத் தமிழ் அவ்வளவு வராது. பயிற்சி பெற்றவரைப் பயிற்சி பெற்றவரால்தான் மாற்ற வேண்டும் என்று பிரதேச செயலகக் கூட்டத்தில் இருமுறை சொல்லிவிட்டேன். குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் முறையும் சொல்வேன்.

போன நோன்புப் பெருநாளன்று ராத்தா வட்டிலப்பம் கொண்டுவந்தார். கூடவே இன்னொரு டப்பாவையும் நீட்டி, "இத அந்த மிஸ்ஸுக்கு அனுப்ப ஏலுமா?" என்று கேட்டார். சார்ஜன் இருக்கும் ஊருக்குப் பஸ்ஸில் ஏழு மணித்தியாலம். கெட்டுவிடும் என்றேன். யோசித்தார். பிறகு, "அப்ப போன் எடுத்துத் தாங்க, நான் கதைக்கிறன்" என்றார்.