பாதி டிக்கெட் கொட்டகைக்கு

திரை கட்டிய ஊர்கள் – 17

சென்ற வாரம் மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா குழுவோடு கேரளத்தில் ஊர் ஊராகச் சுற்றினோம். ஜனங்களிடம் கைநீட்டி வாங்கிய காசில் ‘அம்ம அறியான்’ எடுத்து, 1986இல் அதே ஜனங்களிடம் படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். படம் இருந்தது, பார்க்க ஆளும் இருந்தது. கொட்டகைதான் அவர்களுக்கு வசப்படவில்லை. இந்த வாரம் கொட்டகையும் உண்டு, படமும் உண்டு. ஆள்தான் உள்ளே வரக் கூடாது என்று ஆகிப்போனது.

2020 மார்ச் 6ஆம் தேதி நியூயார்க்கில் ‘பாக்குராவ்’ வெளியானது. பிரேசில் படம். கிளேபர் மென்டோன்சா ஃபில்ஹோவும் ஜூலியானோ டோர்னெல்லெஸும் சேர்ந்து இயக்கியது. முந்தைய ஆண்டு கான் விழாவில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்டது. வறண்ட உள்நாட்டில் ஒரு சின்னக் கிராமம். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரை டேப்லெட்டில் காட்டப் பார்க்கிறார். எவ்வளவு தேடியும் ஊர் அகப்படவில்லை. யாரோ அதை வரைபடத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கியோடு வெளியாட்கள் வருகிறார்கள். மீதியை நான் சொல்லக் கூடாது.

படம் ஓடத் தொடங்கிப் பத்து நாள் ஆனதோ இல்லையோ, கொரோனாவுக்காக நியூயார்க் நகரம் மார்ச் 17 அன்று எல்லாக் கொட்டகைகளையும் மூடச் சொல்லிவிட்டது. வரைபடத்தில் காணாமல் போன ஊரின் படம், திரையிலிருந்தும் காணாமல் போனது.

படத்தை வாங்கியிருந்த கினோ லோர்பர் பெரிய ஸ்டுடியோ அல்ல. உலகத்துப் படங்களையும் பழைய படங்களையும் வாங்கி வெளியிடும் விநியோகஸ்தர். இந்த நிலைமையில் யாராக இருந்தாலும் படத்தைத் தூக்கி ஏதோ ஒரு ஓடிடியில் போட்டுவிட்டு வந்தவரை லாபம் என்று இருந்திருப்பார்கள். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்த வாரமே ‘கினோ மார்க்கீ’ என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். படம் இணையத்தில்தான் ஓடும். ஆனால் டிக்கெட்டை ஒரு கொட்டகையின் பெயரில்தான் வாங்க வேண்டும். விலை 12 டாலர். வாங்கினால் ஐந்து நாள் வரை பார்க்கலாம். வசூலில் பாதி விநியோகஸ்தருக்கு, பாதி கொட்டகைக்கு.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பிளசன்ட்வில் என்ற சிற்றூரில் ஜேக்கப் பர்ன்ஸ் ஃபிலிம் சென்டர் என்று ஒரு கொட்டகை. 1925இல் ரோம் தியேட்டர் என்ற பெயரில் கட்டிய கட்டிடம்; 2001 முதல் லாப நோக்கமில்லாத அமைப்பாக நடக்கிறது. அந்த ஊர்க்காரர் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் ‘பாக்குராவ்’தான் மன்ஹாட்டனில் இருப்பவர் பார்க்கும் ‘பாக்குராவ்’. ஒரே கோப்பு, ஒரே தரம், ஒரே விலை. எந்தக் கொட்டகையின் பக்கத்தில் போய் வாங்கினாலும் படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் தன் ஊர்க் கொட்டகையின் பெயரைத் தேடிப் போய் அழுத்துகிறார். பூட்டிக் கிடக்கிற கட்டிடத்துக்கு ஆறு டாலர் போய்ச் சேர்கிறது. சில வாரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கொட்டகைகள் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துவிட்டன. மற்றச் சிறிய விநியோகஸ்தர்களும் இதே வழிக்கு வந்தார்கள்.

இதில் தொழில்நுட்பம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை என்பேன். வீடியோவை இணையத்தில் ஓட்டுவது அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்த வேலை. புதிது என்றால் அந்தக் கணக்குதான். நம்மூர் விநியோகஸ்தர்கள் ‘ஷேர்’ என்பார்களே, அதைக் கொட்டகையே இல்லாத இடத்தில் கொட்டகைக்கு எழுதி வைத்தார்கள்.

தர்மத்துக்குச் செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு போர்த்துகீசிய மொழிப் படத்தை ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கிற கடலில் போட்டால் யார் கண்ணில் படும்? கொட்டகைக்காரரிடம் சந்தாதாரர் பட்டியல் இருக்கிறது. “இந்த வாரம் இதைப் பாருங்கள்” என்று அவர் எழுதினால் பார்க்கிற ஜனம் இருக்கிறது. வருஷக்கணக்காக நல்ல படம் போட்டுப் போட்டுச் சேர்த்த நம்பிக்கை அது. விநியோகஸ்தர் அந்தப் பாதிக்கு வாங்கியது அதைத்தான்.

மன்ஹாட்டனின் ஃபிலிம் ஃபோரமும் லாப நோக்கமில்லாததுதான். 1970இல் ஐம்பது மடக்கு நாற்காலிகளும் ஒரு புரொஜக்டருமாகத் தொடங்கிய இடம். கென் லோச்சின் ‘சாரி வி மிஸ்டு யூ’ மூடுவதற்குச் சற்று முன்புதான் அங்கே வெளியாகியிருந்தது. பார்சல் வேன் ஓட்டுபவனின் கதை. ஒன்றுக்குப் போகக்கூட நேரமில்லாமல் வீடு வீடாக ஓடுகிறவன். அதுவும் இணையத்துக்கு வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு பார்சலுக்குக் காத்திருந்த மாதங்களில், வீட்டுக்குள்ளிருந்தே அந்தப் படத்தைப் பார்ப்பது வேறு மாதிரிதான் இருந்திருக்கும்.

பணம் போதுமானதாக இருந்ததா? இல்லை. கொட்டகையைக் காப்பாற்றுவது டிக்கெட் மட்டுமல்ல, பாப்கார்னும்தான். கேண்டீன் வருமானத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு கிடையாது. இணையத்தில் கேண்டீன் ஏது? சில ஊர்களில் வாசலில் மேசை போட்டு, காரில் வருகிறவர்களுக்குப் பாப்கார்ன் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் பெரிய கை கொடுத்தது அரசாங்கம்தான். மூடிக் கிடந்த அரங்குகளுக்காக 2020 டிசம்பர் சட்டத்தில் 1,500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள்.

2021 மார்ச் 5 அன்று நியூயார்க் நகரத்தில் கொட்டகைகள் திறக்கலாம் என்றார்கள். கால்வாசி இருக்கைதான் நிரப்பலாம், ஒரு திரைக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது. ஃபிலிம் ஃபோரம் ஏப்ரல் 2இல் திறந்தது. தொடங்கிய வருஷத்தின் அதே ஐம்பது. ஜனம் திரும்ப வரத் தொடங்கியதும் இணையத் திரைகள் மெல்ல மெல்லச் சுருங்கின. கொட்டகைக்காரர்களுக்கு வருத்தம் இருந்திருக்காது. எனக்கு இருக்கிறது. படுக்கையில் இருப்பவர், பக்கத்தில் கொட்டகையே இல்லாதவர், குழந்தையை விட்டு வர முடியாத தாய் எல்லாரும் அந்த ஒரு வருஷம் வாடிக்கையாளராக இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்?

நம் பக்கம் இந்தக் கணக்கு பாதிதான் வந்து சேர்ந்தது. கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2024 மார்ச் 7இல் ‘சி ஸ்பேஸ்’ என்ற ஓடிடி தளத்தைத் தொடங்கியது. மாதச் சந்தா கிடையாது, படத்துக்கு 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. நல்ல ஏற்பாடு. படம் எடுத்தவருக்குப் பங்கு எழுதியாயிற்று. உள்ளூர்க் கொட்டகைக்கு அதில் ஒரு வரி இல்லை.

தமிழில் அந்த அளவுக்குக்கூட இல்லை. மேலூர்ப் பக்கத்துப் பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வாங்கியது. அந்த விழாவும் கொரோனாவால் இணையத்துக்குப் போன விழாதான். அப்பனும் மகனும் வெயிலில் நடக்கிற நடையை டச்சுக்காரர்கள் நமக்கு முன்னால் பார்த்தார்கள். நாம் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் படம் நேராக சோனி லிவ்வுக்குத்தான் போனது. மதுரை மண்ணில் எடுத்த அந்தப் படத்தின் வருமானத்தில் மதுரைக் கொட்டகை எதற்கும் ஒரு ரூபாய் பங்கு கிடையாது.

(தொடரும்)