பாதி கரண்ட், மூணு மடங்கு லாபம்

போன வாரம் மின்சார ஏலத்துக்கு ஒரு குட்டி சிமுலேஷன் எழுதினேன். அது பண்ண வேலையைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

முதல்ல நிஜ ஏலம். இந்தியன் எனர்ஜி எக்ஸ்சேஞ்ச் 2008-ல இருந்து இயங்குது. நாளைக்கு வேண்டிய கரண்டுக்கு இன்னைக்கே ஏலம். ஒரு நாளை 15 நிமிஷமா, 96 துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலை. விக்கறவங்க கேக்கற விலையைக் குறைஞ்சதுல இருந்து அடுக்குவாங்க. தேவை எங்க நிறையுதோ, அங்க நிக்கற கடைசி ஆளோட விலைதான் எல்லாருக்கும். அதனால சின்ன ஆளுங்க தங்களோட உண்மையான செலவையே கேட்டுட்டுப் போயிடலாம். அதிகமா கேட்டா வரிசையில இருந்து விழுந்துடுவாங்க, அவ்வளவுதான்.

பெரிய ஆளுக்குக் கதையே வேற. என் சிமுலேஷன்ல தேவை 400 மெகாவாட். சோலார் 150, கிட்டத்தட்ட சும்மா. என் ஏஜென்ட்கிட்ட தலா 100 மெகாவாட்ல ரெண்டு யூனிட், செலவு 3 ரூபாய். போட்டியாளரோட நிலக்கரி 100, 4 ரூபாய். கேஸ் 150, 9 ரூபாய். எல்லாரும் நேர்மையா கேட்டா விலை 4 ரூபாய். ஒரு மணி நேரத்துல என் ஏஜென்ட்டுக்கு 2 லட்சம் லாபம்.

ஒரு யூனிட்டை ஏலத்துக்கே கொண்டு வரலைன்னா? கேஸ் உள்ள வரும், விலை 9 ஆகும். பாதி கரண்ட் வித்து 6 லட்சம் லாபம்! வாங்கறவங்க பில் 16 லட்சத்துல இருந்து 36 லட்சம்.

இதை நான் சொல்லித் தரலை. கோட்ல இருந்தது "லாபம் வந்தா நல்லது" மட்டும்தான். கண்டதையும் முயற்சி பண்ணி, எது பலிச்சதோ அதையே திரும்பப் பண்ணுச்சு. இத்தாலிய ஆய்வாளர்கள் 2020-ல வெளியிட்ட ஆய்வுல (அது மின்சாரம் இல்ல, பொதுவான விலைப் போட்டி), இந்த மாதிரி ரெண்டு க்யூ-லேர்னிங் ஏஜென்ட்கள் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காமலே விலையை மேல வெச்சுக்கக் கத்துக்கிச்சு. நம்ம போட்டிச் சட்டமோ முதல்ல தேடறது "ஒப்பந்தம்". இங்க யாரோட ஒப்பந்தம்னு காட்டுவீங்க?

நாள்-முன் சந்தையில இப்போ யூனிட்டுக்கு 10 ரூபாய் உச்சவரம்பு இருக்கு. நல்லதுதான். ஆனா ஏஜென்ட்டுக்கு அது "இதுவரைக்கும் ஏத்தலாம்"னு ஒரு இலக்கும்கூட.

எனக்கு வேற ஒண்ணு பிடிச்சது. ஏஜென்ட்டோட 200-ல 180 மெகாவாட்டை முன்கூட்டியே 4 ரூபாய் ஒப்பந்தத்துல வித்துட்டேன்னு மாத்தினேன். இப்போ ஒரு யூனிட்டை மறைச்சா, குறையற 80-ஐ அதுவே சந்தையில 9 ரூபாய்க்கு வாங்கித் தரணும். 6 லட்சம் லாபம் 3 லட்சம் நஷ்டமாயிடுச்சு. 2000-ல கலிஃபோர்னியா மாட்டினதுக்கு ஒரு காரணம் இதுதான்: அங்க பெரிய விநியோக நிறுவனங்கள் நீண்ட கால ஒப்பந்தம் இல்லாம, பெரும்பாலும் தினசரிச் சந்தையிலேயே வாங்க வேண்டியிருந்துச்சு.

கோட்ல ஒரு வரிகூட மாத்தலை. ரெண்டாவது தடவை ஓட்டினப்போ ரெண்டு யூனிட்டையும் சமத்தா 3 ரூபாய்க்கே கேட்டுச்சு.