மழைமானியின் மௌனம்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண்சரிவு மூடியதை மலையகத்தார் மறந்திலர். நுவரெலியா, ஹட்டன் சரிவுகளில் வாழ்வோர்க்கும் அவ்வச்சம் உண்டு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்யின் அவதானம், 100 பெய்யின் விழிப்பு, 150 பெய்யின் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த முறை.

தானியங்கி மழைமானியினுள் சிறு கிண்ணம் நிரம்புந்தோறும் சரிந்து கொட்டும். அவ்வெண்ணிக்கை கைத்தொலைபேசிக் கோபுரத்தின் வழியே தொலைவிலுள்ள கணினித் தொகுதியை அடையும். அதனை முகில் என்பர். பெயரளவில்தான் முகில், இருப்பது நிலத்திலேயே!

எண்களைத் திரட்டுதலே முகிலின் தலையாய பணி என்பர் சிலர். கருவி நலமாயுளதா என நோக்குதலே தலையாயது என்பது எம் கருத்து. புனல்வாயை இலை அடைப்பின் பெருமழையிலும் சுழியமே வரும். மூடுபனியால் ஞாயிற்றொளி குன்றின் மின்கலம் சோரும். அப்பொழுது யாதும் வாராது. சுழியம் வேறு, மௌனம் வேறு. ஆதலின் மழையில்லாப் பொழுதும் ஒவ்வொரு மானியும் தன் மின்கல நிலையை இடையிடையே அறிவித்தல் வேண்டும். அறிவியாததையும், அயல் மானியோடு முரண்படுவதையும் கணினி சுட்டுதல் வேண்டும். இலையை அகற்ற ஒருவர் மலையேறியே ஆகவேண்டும். எம்மலை என்பதை முகில் காட்டும்.