கடுகளவு எழுத்து, காசுக்கு வந்த மவுசு

லிங்கன் தலை போட்ட அமெரிக்க ஒரு சென்ட் காசைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே அதைப் 'பென்னி' என்பார்கள். லிங்கன் பிறந்த நூற்றாண்டான 1909-ல் வெளிவந்தது. அந்த வருஷத்துக் காசு இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே முகம், அதே செம்பு. ஆனால் ஒன்று சில டாலர்தான் பெறும். இன்னொன்றுக்கோ நூற்றுக்கணக்கான டாலர்! ஏனாம்? வருஷத்துக்குக் கீழே கடுகளவில் 'எஸ்' என்று ஓர் எழுத்து.

காசு பிறந்த ஊரைச் சொல்லும் எழுத்து அது. 'எஸ்' என்றால் சான்பிரான்சிஸ்கோ, 'டி' என்றால் டென்வர். மூத்த சாலையான பிலடெல்பியாவின் பழைய சென்ட்டுகளில் எழுத்தே கிடையாது. வீட்டுக்குப் பெரியவளுக்கு அறிமுகம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலும்!

1909-ல் நடந்தது வேடிக்கை. காசை வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னர், பின்பக்கத்து அடியில் 'வி.டி.பி.' என்று தம் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். "இவ்வளவு பெரிசாகவா?" என்று கூச்சல் கிளம்ப, சில நாட்களிலேயே அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குள் பிலடெல்பியா அடித்தது ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். சான்பிரான்சிஸ்கோ 4 லட்சத்து 84 ஆயிரம்தான். மவுசு வராமல் என்ன செய்யும்?

1922-ல் கதை தலைகீழ். அந்த வருஷம் டென்வர் மட்டுமே சென்ட் அடித்தது. அச்சு தேய்ந்துபோய்ச் சில காசுகளில் 'டி' விழவே இல்லை. எழுத்து இல்லாததற்குத்தான் அங்கே கூடுதல் விலை!

பணம் புரளும் இடத்தில் பித்தலாட்டமும் புகுந்துவிடுமே. சாதாரணக் காசில் 'எஸ்' ஒட்டுவார்கள், 'டி'யைச் சுரண்டுவார்கள். 1943-ல் யுத்தத்துக்குச் செம்பு தேவைப்பட்டதால், துத்தநாகம் பூசிய எஃகில் சென்ட் அடித்தார்கள். தவறிப்போய்ச் செம்பில் விழுந்தவை விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். லட்சம் டாலருக்கு மேல்கூடப் போயிருக்கின்றன. உடனே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கக் கிளம்பிவிட்டார்கள்! காந்தத்தில் ஒட்டினால் உள்ளே எஃகு என்று தெரிந்துவிடும். ஒட்டாவிட்டாலும் ஏமாறாதீர்கள், 1948-ன் எட்டைச் சீவி மூன்றாக்குகிறவர்களும் உண்டு.

2025-ல் புழக்கத்துக்குச் சென்ட் அடிப்பதையே அமெரிக்கா நிறுத்திவிட்டது.

பழைய சென்ட் ஏதாவது கைக்கு வந்தால், குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளன்னு ஆகும், மதிப்பு போய்விடும். அழுக்கோடவே, ஓரத்தைப் பிடித்து எடுத்து, தனிக் காகித உறையில் போட்டு வையுங்கள்.