ஒரு ராத்திரிக்கு அஞ்சு நட்சத்திரம்!

தர்மபுரியில் ஓட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். தங்குகிற இடத்துக்குப் பெயர் லாட்ஜ். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் வளர்ந்துவிட்ட நமக்கு, ‘‘பெங்களூர்ல ஒரு பெரிய ஹோட்டல்ல ஒரே ஒரு நாள் தங்கிட்டு வரலாமாங்க?’’ என்று கல்யாணமான புதிதில் வீட்டம்மா கேட்கும்போது லேசாக வியர்க்கிறது. ஒகேனக்கல்லில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் இருக்கிறது, பரிசல் இருக்கிறது, சுடச்சுட மீன் வறுவல் இருக்கிறது. அதெல்லாம் கணக்கில் வராதாம். கண்ணாடிக் கதவை ஒருத்தர் திறந்துவிட வேண்டும். தலைப்பாகைக்காரர் சல்யூட் அடிக்க வேண்டும். மெத்தையில் உட்கார்ந்தால் அரை அடி உள்ளே போக வேண்டும்!

ஆசைப்படுவதில் தப்பே இல்லை ஸார். மாதச் சம்பளக்காரன் வருஷத்துக்கு ஒரு நாள் மகாராஜாவாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அதியமான் ஆண்ட மண்ணில் பிறந்தவனுக்கு அந்த உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. ஆனால், ஒரு மிக்ஸி வாங்க ஆறு கடை ஏறி இறங்குகிற அதே ஆசாமி, ஹோட்டல் ரூமை மட்டும் போனில் நாலு போட்டோவைப் பார்த்து, டீ ஆறுவதற்குள் புக் பண்ணிவிடுகிறார். போட்டோவில் எல்லா ரூமும் அழகுதான். கல்யாணத் தரகர் கொண்டுவரும் போட்டோவில் எல்லா மாப்பிள்ளைக்கும் முடி அடர்த்தியாக இருப்பதில்லையா, அந்த மாதிரி!

ராத்திரி வாடகை பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 2,700 ரூபாய். ஆகமொத்தம் 17,700. பாலக்கோடு பக்கம் தக்காளி கிலோ பத்து ரூபாய்க்குப் போகிற நாளில் இது 1,770 கிலோ தக்காளி. ஒரு விவசாயி குடும்பத்தோடு குனிந்து பறித்து, கிரேடு கிரேடாக வண்டியில் ஏற்றி அனுப்புகிற சமாசாரம். அதை ஒரே ராத்திரியில் தூங்கித் தீர்க்கப்போகிறோம். கொஞ்சம் விசாரித்துவிட்டுத் தூங்கினால் என்ன?

முதலில், எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று பார்த்துவிடலாம். மெத்தை, டி.வி., ஏ.ஸி., வெந்நீர் எல்லாம் மூவாயிரம் ரூபாய் ரூமிலும் உண்டு. மீதிப் பணத்தில் பெரும்பங்கு ஹோட்டல் நிற்கிற மண்ணுக்குப் போகிறது. ஊரின் நட்டநடுவே, சத்தமில்லாமல், மரத்தடியில் இருக்கிற மண்.

நம்மூரிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் இது பளிச்சென்று தெரியும. 1809-ல் வெள்ளைக்காரப் பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து கிளம்பி வந்து பெங்களூரில் கண்டோன்மென்ட் போட்டது. பழைய பேட்டை ஒரு பக்கம் நெரிசலாக இருக்க, துரைமார்கள் இந்தப் பக்கம் அகலமாக ரோடு போட்டார்கள், மரம் நட்டார்கள், தோட்டத்துக்கு நடுவே பங்களா கட்டினார்கள். 1870-ல் கப்பன் பார்க் வந்தது. இன்றைக்கும் பெங்களூரின் காஸ்ட்லியான ஹோட்டல்களில் பல, அந்தக் காலத்துத் துரைமார் ஏரியாவிலும் அதை ஒட்டியும்தான் இருக்கின்றன.

ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருக்கும் தாஜ் வெஸ்ட் எண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1887-ல் பிரான்ஸன் என்கிற ஒரு வெள்ளைக்கார அம்மணி பத்தே அறைகளோடு நடத்திய போர்டிங் ஹவுஸ்தான் அதன் பூர்வீகம். இன்றைக்கு அதன் வளாகம் 20 ஏக்கர். பெங்களூர் நடுவில் 20 ஏக்கர்! நம் ஆட்கள் அரை கிரவுண்டுக்கே அண்ணன் தம்பி பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே அடுக்குமாடி கட்டித் தள்ளாமல் மரத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் ஒரு பங்கு, கட்டாமல் விட்ட அந்தக் கட்டடத்துக்கு!

எம்.ஜி. ரோட்டில் ஓபராய். அதன் தோட்டத்தில் கிளை பரப்பி நிற்கும் பெரிய மழைமரம் ரொம்பப் பிரசித்தம். நம்மூரில் அதற்குப் பெயர் தூங்குமூஞ்சி மரம். (படுக்க வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான மரம் கிடைக்குமா?) 2011-லிருந்து எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஓடுவதால் ஊர் சுற்ற சௌகரியம். கோல்ஃப் மைதானத்தை ஒட்டி, 1982-ல் திறந்த வின்ஸர் மேனர் இருக்கிறது. இப்போது ஐ.டி.ஸி. வின்ஸர். வெள்ளை வெளேர் என்று லண்டன் மாளிகை பாணி. கப்பன் பார்க்கைப் பார்த்தபடி ஜே.டபிள்யூ. மேரியட்.

2001-ல் திறந்த லீலா பேலஸ் கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. மைசூர் அரண்மனை சாயலில் கட்டி, பழைய ஏர்போர்ட் ரோட்டில் வைத்தார்கள். பிளேனை விட்டு இறங்கினால் சில நிமிஷத்தில் ரூம். 2008 மே மாதம் ஏர்போர்ட் தேவனஹள்ளிக்குக் குடிபோய்விட்டது. அரண்மனை அங்கேயே இருக்கிறது, பிளேன்தான் தூரமாகிவிட்டது. சாந்தி நகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும் நமக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பிளேனில் வருகிறவனுக்கு நல்ல ஏரியா வேறு, பஸ்ஸில் வருகிறவனுக்கு நல்ல ஏரியா வேறு. இன்டர்நெட்டில் எவனோ பாஸ்டன்காரன் ‘அருமையான லொக்கேஷன்’ என்று எழுதியதை நம்பிப் பெட்டியைத் தூக்காதீர்கள்.

முதல் தடவை போகிறவர்கள் இருபதாவது மாடியில் கண்ணாடி ஜன்னல் வேண்டும் என்று கேட்கிறார்கள். அங்கே நின்று பார்த்தால் டிராஃபிக் ஜாம் முழுசாகத் தெரியும், அவ்வளவுதான். என் ஓட்டு தோட்டத்துக்கே. காலையில் செருப்பில்லாமல் புல்லில் நடக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தளதளவென்று மார்பிளும் சரவிளக்கும் தொங்கினால் அது ஆடம்பரம். லாபியில் நின்று பேசும்போது உங்கள் குரலே உங்களுக்கு மெதுவாகக் கேட்டால் அது நேர்த்தி.

சரி, துட்டுக்கு வருவோம். பெங்களூர் ஹோட்டல்களுக்குப் படியளப்பவர்கள் கம்பெனிக்காரர்கள். திங்கள் முதல் வியாழன் வரை கோட் சூட்டுகள் வந்து ரூமை நிரப்பும். வெள்ளி மாலை அவர்கள் பிளேன் ஏறியதும் ரூம்கள் காற்று வாங்கும், வாடகையும் பல இடங்களில் இறங்கும். நமக்கு லீவு எப்போது? சனி, ஞாயிறு! ஆண்டவன் குமாஸ்தாக்களுக்கென்றே செய்துவைத்த ஏற்பாடு இது. ஆனால், ஒற்றைப்படை வருஷத்து பிப்ரவரியில் எலஹங்காவில் விமானக் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் மட்டும் பெங்களூர் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். ‘தலைவைத்துப் படுக்க’ ரூமும் கிடைக்காது.

வரியில் ஒரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 22-லிருந்து, நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். அதைத் தாண்டினால் 18. அதாவது, 7,500 ரூபாய் ரூமுக்கு மொத்தம் 7,875. ஒரே ஒரு ரூபாய் ஏறி 7,501 ஆனால் மொத்தம் 8,851! அந்த ஒரு ரூபாய்க்கு நீங்கள் கொடுக்கும் விலை 976 ரூபாய். வரி போடுவது போர்டில் எழுதிய ரேட்டுக்கு அல்ல, உங்களிடம் நிஜமாக வாங்குகிற வாடகைக்கு. எனவே எட்டாயிரத்தில் நிற்கிற ரூமை நயமாகப் பேசி ஏழாயிரத்து ஐந்நூறுக்கு இறக்கினால் லாபம் இரட்டிப்பு. பேரம் பேசலாமா என்று கூச்சப்படாதீர்கள். ‘ஏதாவது வீக்எண்ட் ஆஃபர் இருக்கா?’ என்று கேட்டால் அது பேரமே இல்லை, விசாரணை!

போன் பண்ணச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவனை எனக்குத் தெரியும். அரசு ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டென்ட். அவன் அம்மா பெங்களூரில் பல வருஷம் சித்தாளாக இருந்தவர். நம் மாவட்டத்தில் இது அதிசயமில்லை. மழை பொய்த்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். செங்கல்லும் சிமென்ட்டும் சுமந்து மாடி மாடியாக ஏற்றிவிட்டுத் தகரக் கொட்டகையில் படுப்பார்கள். பையனுக்கு வேலை கிடைத்து, அரியர்ஸ் பணம் மொத்தமாகக் கைக்கு வந்ததும், அம்மாவை ஒரு ராத்திரி பெரிய ஹோட்டலில் தங்கவைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அம்மா கேட்டது ஒரே கேள்வி: ‘‘நம்மள உள்ள உடுவாங்களாடா?’’

பையன் கெட்டிக்காரன். ரேட் பார்த்து மூன்று ஹோட்டல்களைக் குறித்துக்கொண்டான். மூன்றுக்கும் போன் பண்ணி ஒரே விஷயத்தைச் சொன்னான். ‘‘நாங்க ஆட்டோவுலதான் வருவோம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். கேட்ல சிரமம் இருக்குமா?’’ முதல் இடத்தில் இங்கிலீஷில் ‘‘ஹோல்ட் ப்ளீஸ்’’ என்று பாட்டுப் போட்டுவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ‘‘கார் அனுப்பறோம், சார்ஜ் தனி.’’ மூன்றாவது இடத்தில் ஒரு பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, ‘‘கேட்ல உங்க பேரைச் சொல்லுங்க சார், நான் சொல்லி வெச்சிடறேன். அம்மாவுக்கு லிஃப்ட் பக்கத்துல ரூம் போடட்டுமா?’’ என்றாள் தமிழில். மூன்றில் அதற்குத்தான் வாடகை எண்ணூறு ரூபாய் அதிகம். பையன் யோசிக்கவே இல்லை.

2008 நவம்பரில் மும்பையில் தாஜிலும் ஓபராயிலும் நடந்த தாக்குதலுக்குப் பிறகு எல்லாப் பெரிய ஹோட்டல்களிலும் வண்டியைச் சோதிப்பது, பையை ஸ்கேன் பண்ணுவது சகஜமாகிவிட்டது. பென்ஸில் வருகிறவருக்கும் அதே சோதனைதான். இதைப் பையன் அம்மாவிடம் பஸ்ஸிலேயே சொல்லிக் கூட்டிப்போயிருந்தான். ரூமுக்குள் போனதும் அந்த அம்மா மெத்தையைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்க்கவில்லை. நேரே பாத்ரூமுக்குப் போய், சுவரில் பதித்த டைல்ஸை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாராம். ‘‘இந்த எடத்துல பொள்ளலா இருக்குடா. கலவை சரியா பூசல’’ என்றாராம். அப்புறம்தான் செருப்பைக் கழற்றினாராம்.

இனி சில்லறை விஷயங்கள். சில்லறை என்றாலும் பர்ஸைக் கடிக்கும். நம்மூர் பஸ் ஸ்டாண்ட் லாட்ஜில் எந்நேரம் போனாலும் 24 மணி நேரக் கணக்கு. பெரிய ஹோட்டலில் மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் ரூம், மறுநாள் பன்னிரண்டுக்குள் காலி பண்ண வேண்டும். விடியற்காலை பஸ் பிடித்து ஒன்பது மணிக்குப் போய் நின்றால் லாபி சோபாதான் கதி. புக் பண்ணும்போது ‘கிங்’ என்றால் ஒரே பெரிய கட்டில், ‘ட்வின்’ என்றால் தனித்தனியாக இரண்டு. புது மாப்பிள்ளைகள் இதை இரண்டு தடவை படிக்கவும்!

கவுன்ட்டரில் கார்டை வாங்கி, வாடகைக்கு மேல் ஒரு தொகையை டெபாசிட்டாகப் பிடித்துவைப்பார்கள். டெபிட் கார்டு என்றால் அது உங்கள் கணக்குக்குத் திரும்பிவரச் சில நாட்கள் பிடிக்கும். மாசக் கடைசியில் போய், வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணம் மாட்டிக்கொண்டால் வீட்டு ஓனரிடம் ‘ஃபைவ் ஸ்டார்ல இருக்கு ஸார்’ என்றா சொல்ல முடியும்? அடையாள அட்டைக்கு ஆதாரோ டிரைவிங் லைசென்ஸோ கொண்டுபோங்கள். பான் கார்டில் அட்ரஸ் இருக்காது, ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை டிபன் வாடகையில் சேர்த்தியா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். சேர்த்தி என்றால் பத்து மணிவரை நிதானமாகச் சாப்பிட்டு மதியத்தையும் சமாளித்துவிடலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ஹோட்டலை விட்டு வெளியே நடப்பது உத்தமம். இந்த மாதிரி ஹோட்டல்களின் ரெஸ்டாரன்ட்டில் சாப்பாட்டுக்கும் 18 சதவிகித வரி, வெளியே சாதாரண ஓட்டலில் 5. பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தானாக ஒரு வரி முளைத்திருந்தால், எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்றது. 2025 மார்ச்சில் டெல்லி ஹைகோர்ட்டும் அது சரி என்றது.

‘பெங்களூர் வேண்டாம், மெட்ராஸ்தான்’ என்பவர்களுக்கு நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் 1974-லிருந்து இருக்கிறது. கிண்டியில் 2012-ல் திறந்த கிராண்ட் சோழாவில் 600 அறைகள், திருவிழாக் கூட்டம் பிடிக்கிறவர்களுக்கு. எனக்குப் பிடித்தது பின்னி ரோட்டு கன்னிமாரா. 1886 முதல் 1890 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த கன்னிமாரா பிரபுவின் பெயர். மாமா சொன்னார் என்று ஆழ்வார்பேட்டை பழைய பார்க் ஷெரட்டனைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். வேறு பெயரில் நடந்து, 2023 கடைசியில் மூடிவிட்டார்கள்.

ரூமைக் காலி பண்ணும்போது சோப்பு, சின்ன ஷாம்பு பாட்டில் எடுத்துக்கொள்ளலாம், டவலும் ஹேங்கரும் கூடாது. பில்லை வரி வரியாகப் பாருங்கள், குளிர்பெட்டியில் நீங்கள் தொடாத முந்திரிப் பருப்பு ஏறியிருக்கிறதா என்று. ராத்திரி பஸ் என்றால் பெட்டிகளை வாசலில் இருக்கும் பெல் டெஸ்க்கில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு கேட்பதில்லை. கையை வீசிக்கொண்டு கப்பன் பார்க் போய்விட்டு, ஆறு மணிக்கு வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு சாந்தி நகருக்கு ஆட்டோ ஏறலாம். சல்யூட் அடித்த தலைப்பாகைக்காரரே ஆட்டோவையும் கைதட்டிக் கூப்பிட்டுத் தருவார்.